மண்வள அட்டையில் இன்னும் மூன்று வரிகள்: சேலம் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், வேளாண்மை இணை இயக்குநர் அவர்களுக்கும், மண் பரிசோதனைப் பணியில் உள்ள அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

திருமணிமுத்தாற்றுத் தண்ணீர் பாயும் நிலங்களில் காட்மியம், ஈயம், நிக்கல் மூன்றையும் சோதித்து, முடிவை மண்வள அட்டையிலேயே அச்சிட்டுத் தர வேண்டும் என்பது என் கோரிக்கை. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், கடைசிப் பத்தி வரை யாரும் படிப்பதில்லை.

நான் வீரபாண்டிப் பக்கம் கீரையும் அரளியும் வீட்டுக்கு ஆகும் அளவு நெல்லும் பயிரிடுகிறவன். அதற்கு முன் மண் பரிசோதனைக் கூடம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அட்டையை அச்சிட்டுக் கொடுக்கிற பக்கமும் தெரியும், வாங்கி மடித்து அலமாரியில் வைக்கிற பக்கமும் தெரியும்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் நல்ல திட்டம். பன்னிரண்டு குணங்களை அது அளக்கிறது. கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான். பன்னிரண்டும் பயிரின் நலனைப் பார்ப்பவை. அந்தப் பயிரைச் சாப்பிடுகிறவரின் உடம்புக்குள் வேண்டாதது ஏதும் போகிறதா என்று பார்க்கும் வரி ஒன்றுகூட அதில் இல்லை. மேட்டூர்க் கால்வாய்ப் பாசனத்துக்கும் வானம் பார்த்த புன்செய்க்கும் இது போதுமானதாக இருக்கலாம். எங்கள் வாய்க்காலுக்குப் போதாது.

ஆற்றைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேர்வராயன் மலைச் சரிவில் பிறந்து, நகரத்துக்குள் நுழைந்து வெளியேறி, உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயிலைத் தொட்டுக்கொண்டு, எங்கள் பகுதியையும் கடந்து நாமக்கல் மாவட்டத்துக்குள் போய்க் காவிரியில் சேர்கிறது. மலையில் இருக்கும்வரை அது ஓடை. நகரத்தைத் தாண்டும்போது சாக்கடை. எங்கள் மடையில் திரும்பும்போது மறுபடியும் பாசனத் தண்ணீர். வீட்டுக் கழிவு, சாயத் தண்ணீர், முலாம் பூசும் பட்டறைக் கழிவு, ஜவ்வரிசி ஆலைக் கழிவு, பழைய பேட்டரியை உடைக்கிற இடத்து மண், ஷெட்டுகளின் கழிவு எண்ணெய் என்று வழியில் எது சேர்கிறதோ அது எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுதான் வருகிறது. மழைக்காலத்தில் பாலத்துக்குக் கீழே நுரை எழும்பி நிற்பதைப் பத்திரிகைப் படங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆற்றைச் சுத்தம் செய்யக் கேட்கும் மடல் அல்ல இது. அதைக் கேட்க என்னைவிடக் குரல் வளம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நாளைக்கே ஆறு பளிங்காக ஓடினாலும் இதுவரை வந்து படிந்தது வயலில்தான் கிடக்கும். பூச்சிமருந்தை வெயிலும் நுண்ணுயிரும் சேர்ந்து காலப்போக்கில் சிதைத்துவிடும். உலோகம் தனிமம், சிதைவதற்கு அதில் ஒன்றும் இல்லை. இடம் மாறும், வடிவம் மாறும், தீராது.

எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு கட்சிகள் உண்டு. "செடிக்குத் தெரியாதா? சத்தைத்தான் எடுக்கும், நஞ்சைத் தொடாது" என்பது ஒரு கட்சி. "ஆற்றோரக் கீரை மொத்தமும் விஷம், அதைப் போய் வாங்குவார்களா?" என்பது இன்னொரு கட்சி. முதலாவது ஆபத்தான தவறு. இரண்டாவது சோம்பேறித்தனமான தவறு. உண்மை இரண்டுக்கும் நடுவில் இல்லை, முற்றிலும் வேறு திசையில் இருக்கிறது. எந்த உலோகம், எந்த மண், எந்தப் பயிர், அந்தப் பயிரில் எந்தப் பாகம் என்று கேட்டால்தான் பதிலே வரும்.

காட்மியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கே.டி.எம். நகையில் பற்றவைப்புக்குச் சேர்த்தார்களே, அதே காட்மியம். முலாம் பூச்சிலும் பேட்டரியிலும் நிறமிகளிலும் உண்டு. பாறை பாஸ்பேட்டிலிருந்து செய்யும் உரங்களிலும் துளியூண்டு கலந்து வரும். வேரின் செல்களில் ஒவ்வொரு சத்துக்கும் புரதத்தால் ஆன நுழைவாயில்கள் இருக்கின்றன. அவை பெயர் கேட்டு உள்ளே விடுவதில்லை; அளவையும் மின்னேற்றத்தையும் வைத்து விடுகின்றன. தனிம அட்டவணையில் காட்மியம் துத்தநாகத்துக்கு நேர் கீழே நிற்கிறது. அதே மின்னேற்றம், நெருங்கிய குணம். அடுத்தவர் பாஸைக் காட்டிப் பஸ் ஏறுகிறவரைப் போல, துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் வைத்த வழியில் அது ஏறிவிடுகிறது. நெல்லில் அது பெரும்பாலும் மாங்கனீசு போகும் வழியில் நுழைகிறது.

இதில் நாம் கவனிக்காத ஒன்று உண்டு. பசித்த செடிதான் வாயிலை அகலத் திறக்கும். இரும்புச்சத்துப் பற்றாமல் வெளிறிப்போன செடி, கிடைக்கிற இரும்பையாவது பிடிப்போம் என்று வேரில் அந்த வாயில்களைக் கூட்டிக்கொள்கிறது. இரும்புக்காகத் திறந்த வழியில் காட்மியமும் வரும். துத்தநாகம் குறைந்த மண்ணில் காட்மியத்தோடு போட்டியிட ஆள் குறைவு. தமிழ்நாட்டு நிலங்களில் துத்தநாகப் பற்றாக்குறை பரவலாக இருப்பது உங்கள் துறைக்குப் பழைய செய்தி. நெல்லுக்கு எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்வதே அதனால்தான். ஆக, அட்டையில் இப்போது உள்ள துத்தநாக வரியும் இரும்பு வரியும் கதையில் பாதியைச் சொல்கின்றன. மறுபாதியை அச்சிட மறுப்பது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

உள்ளே வந்ததைச் செடி அப்படியே விட்டுவிடுவதும் இல்லை. கந்தகம் செறிந்த சிறு இழைகளைச் செய்து காட்மியத்தைக் கட்டி, வேர்ச் செல்லுக்குள் இருக்கும் குமிழில் அடைத்துவைக்கிறது. எவ்வளவு அடைக்கும் என்பது பயிருக்குப் பயிர் மட்டுமல்ல, இரகத்துக்கு இரகமே மாறும். தப்பியது நீரோட்டத்தோடு மேலே ஏறும். அந்த நீர் ஆவியாகிப் போகும் இடம் இலை. நீர் போய்விடும், உலோகம் இலையில் தங்கிவிடும். காய்க்கும் விதைக்கும் உணவு போகும் குழாய் வேறு. அந்த வழியில் காட்மியம் அவ்வளவு தாராளமாகப் போவதில்லை. இதனால்தான் கீரை வகைகள் அதிகம் சேர்க்கின்றன, வேரும் கிழங்கும் அதற்கு அடுத்து வருகின்றன, கத்தரி, தக்காளி, வெண்டை, அவரை போன்றவை குறைவாகச் சேர்க்கின்றன. உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்புகளிலும் இந்த வரிசையைப் பார்க்கலாம். கிலோவுக்குக் கீரைகளில் 0.2 மில்லிகிராம் காட்மியம் வரை, கிழங்குகளில் 0.1 வரை, காய்களில் 0.05 வரை. அரிசிக்கு 0.4. அரிசியில் அளவு சிறிதாகவே இருந்தாலும் மூன்று வேளையும் அதையே சாப்பிடுகிறவர்கள் நாம் என்பதை மறந்துவிடக் கூடாது. காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால், சேர்ந்ததில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும்.

ஈயத்தின் கதை வேறு. மண்ணில் களிமண்ணும் மக்கும் பாஸ்பேட்டும் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. வேருக்குள் நுழைந்ததும் பெரும்பகுதி வேரிலேயே சிக்கிக்கொள்ளும். இலைக்கு ஏறுவது கொஞ்சம்தான். அப்படியானால் கீரையில் ஈயம் எப்படி வருகிறது? பெரும்பாலும் வெளியிலிருந்து ஒட்டுகிறது. சாலைத் தூசு, மழை அடித்துத் தெறிக்கும் சேறு, பிடுங்கும்போது கூடவே வரும் மண். எங்கள் பக்கம் விடியற்காலை நாலு மணிக்கு வந்து பாருங்கள். அரைக்கீரையைக் கிள்ளி எடுப்போம், அது மறுபடி துளிர்க்கும். சிறுகீரையையும் முளைக்கீரையையும் வேரோடு பிடுங்கித்தான் கட்டுவோம். வேரோடு இருந்தால்தான் தாதகாப்பட்டி உழவர் சந்தையில் பத்து மணி வரை வாடாமல் நிற்கும். கட்டின் அடிப்பக்கம் முழுக்கச் செம்மண் அப்பியிருக்கும். அதைத் தொட்டித் தண்ணீரில் இரண்டு முறை முக்கி எடுப்போம். முதல் தொட்டித் தண்ணீர் கொஞ்ச நேரத்திலேயே டீ நிறத்துக்கு வந்துவிடும். அந்தத் தொட்டியில் நிரப்பியது கிணற்றுத் தண்ணீரா, வாய்க்கால் தண்ணீரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஈயத்துக்கு வைத்தியம் பெரும்பாலும் அந்தத் தொட்டியிலும், வீட்டில் வேரை நறுக்கி எறிந்துவிட்டு நன்றாக அலசுவதிலும் முடிந்துவிடும். காட்மியத்தை எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. அது இலையின் மேல் இல்லை, இலைக்குள் இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் "காய்கறியை உப்புத் தண்ணீரில் கழுவுங்கள்" என்று பொதுவாக அறிவுரை சொல்வதில் என்ன பயன்?

குரோமியத்தைப் பற்றி இரண்டு வரி. மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் மண்ணில் கரையாமல் கிடக்கும். ஆறு இணைதிறன் கொண்டது சல்பேட் போகும் வழியில் வேருக்குள் நுழையும். ஆனால் அதிலும் பெரும்பகுதி வேரோடு நின்றுவிடும். மக்கு நிறைந்த மண் ஆறை மூன்றாக மாற்றிவிடுவதும் உண்டு. அதனால்தான் அதை என் மூன்று வரிகளில் சேர்க்கவில்லை. முலாம் பட்டறைகள் நெருங்கி இருக்கும் இடங்களில் அதற்குத் தனிச் சோதனை வேண்டும், அது வேறு முறை.

நிக்கலைச் சேர்த்தது ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு நம் வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கும் குன்றுகளைத்தான் காட்ட வேண்டும். மேக்னசைட் கிடைக்கும் அந்தக் குன்றுகளின் தாய்ப்பாறை மக்னீசியம் மிகுந்த கரும்பாறை வகை. இயற்கையாகவே அந்த வகைப் பாறையில் நிக்கலும் குரோமியமும் மற்றப் பாறைகளைவிட அதிகம். எந்தத் தொழிற்சாலையும் கொட்டவில்லை. அந்தப் பாறை உண்டானபோதே வந்தது. கருப்பூர்ப் பக்கத்து மண்ணை வலுவான அமிலத்தில் முழுவதும் கரைத்து அளந்தால் பயமுறுத்தும் எண்கள் வரலாம். ஆனால் அதில் பெரும்பகுதி கனிமத்துக்குள் பூட்டிக் கிடப்பது. குரோமைட் மணலாக இருக்கும் குரோமியத்தை எந்த வேரும் சீண்டாது. அதே எண்ணில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கழிவுநீரோடு வந்து படிந்திருக்கிற ஆற்றோர வயலில், மண்ணின் நீர்க் கரைசலில் மிதக்கிற நிக்கல் அதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். நிக்கல் செடிக்குள் ஏறினால் இலை வரை தாராளமாக நகரும் உலோகம். மொத்தம் எவ்வளவு என்று மட்டும் அளந்தால் குன்றடிவாரத்து விவசாயியை வீணாகப் பயமுறுத்திவிட்டு, ஆற்றோரத்து விவசாயியை "உனக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவோம். செடிக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு என்று அளக்க வேண்டும்.

அந்தப் பங்கு ஒரே இடத்தில் நிலையாக நிற்பதும் இல்லை. மண் புளித்தால், அதாவது அமிலத்தன்மை கூடினால், காட்மியமும் நிக்கலும் துத்தநாகமும் களியின் பிடியை விட்டுக் கரைசலுக்கு வரும். ஜவ்வரிசி ஆலைக் கழிவில் கன உலோகம் பெரிதாக இருக்காது. மாவும் அமிலமும்தான். "எங்கள் கழிவில் உலோகமே இல்லை" என்று ஆலைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் புளிப்பு, வேறொருவர் கொண்டுவந்து போட்ட உலோகத்தைத் தட்டி எழுப்பிவிடும். சாயத் தண்ணீரோடு வரும் உப்பின் வேலை இன்னும் நுட்பமானது. அதிலுள்ள குளோரைடு, காட்மியத்தோடு சேர்ந்து ஒரு கூட்டு அயனி ஆகிறது. அந்த வடிவத்தில் களி அதைப் பிடிப்பதில்லை, வேருக்கு எளிதில் போய்ச் சேர்கிறது. ஆஸ்திரேலியாவில் உப்பேறிய தண்ணீர் பாய்ந்த உருளைக்கிழங்கு வயல்களில் காட்மியம் கூடியதற்கு இதுதான் காரணம் என்று கண்டார்கள். தனித்தனியாக ஒவ்வொரு கழிவையும் சோதித்து "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்" என்று முத்திரை குத்தலாம். வயலில் அவை தனித்தனியாக வந்து சேர்வதில்லை.

நெல்லுக்கு இன்னொரு கணக்கு. வயலில் தண்ணீர் நின்றால் காற்றுப் புகாத மண்ணில் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் அடங்கிவிடும். கதிர் முற்றும் முன்பே தண்ணீரை வடித்துக் காயவிட்டால், அடங்கியது விழித்துக்கொண்டு நேராக மணிக்குப் போகும். ஆர்செனிக் இதற்கு நேர் எதிர். தண்ணீர் நிற்கும்போதுதான் அது கரையும். எனவே காட்மியம் மட்டும் உள்ள வயலுக்கு ஒரு நீர் மேலாண்மை, இரண்டும் உள்ள வயலுக்கு வேறொன்று. தண்ணீர் மிச்சம் பிடிக்கக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பாசனம் செய்யச் சொல்கிறீர்கள். நல்லதுதான், நானும் செய்கிறேன். ஆற்றோர வயலுக்கு அதையே கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாமா என்பதை யாராவது சோதித்துச் சொன்னால் தெம்பாக இருக்கும்.

இப்போது செலவுக்கு வருகிறேன். இந்த மடலில் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

நுண்ணூட்டச் சோதனை எப்படி நடக்கிறது? காய்ந்து சலித்த மண் 10 கிராம், உலோகங்களைப் பிடித்துக் கரைத்தெடுக்கும் டி.டி.பி.ஏ. என்ற வேதிப்பொருளின் கரைசல் 20 மில்லி, இரண்டையும் புட்டியில் ஊற்றி ஆட்டும் மேடையில் வைத்து 2 மணி நேரம் ஆட்டுவோம். கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் தூக்கத்திலும் கேட்கும். வடிதாளில் வடித்த சாற்றை அணு உறிஞ்சல் கருவியின் மெல்லிய குழாய் உறிஞ்சித் தீச்சுடரில் தெளிக்கும். எந்த உலோகத்தை அளக்க வேண்டுமோ அந்த உலோகத்தையே உள்ளே வைத்துச் செய்த விளக்கு ஒன்றிலிருந்து ஒளி அந்தச் சுடரைக் கடந்து போகும். எவ்வளவு ஒளி குறைகிறதோ அவ்வளவு உலோகம். துத்தநாக விளக்குக்கு 213.9 நானோமீட்டர் அலைநீளம். அதைக் கழற்றிச் செம்பு விளக்கு, அதைக் கழற்றி இரும்பு விளக்கு, பிறகு மாங்கனீசு. நான்கும் முடிந்ததும் மீதிச் சாற்றைத் தொட்டியில் கொட்டிவிடுவோம்.

கொட்டுகிற அந்தச் சாற்றிலேயே காட்மியமும் ஈயமும் நிக்கலும் இருக்கின்றன. டி.டி.பி.ஏ. சோதனையை 1978-இல் லிண்ட்சேயும் நார்வெல்லும் வகுத்துத் தந்தது அந்த நான்கு நுண்ணூட்டங்களுக்காகத்தான். ஆனால் அதே சாற்றில் இந்த மூன்றையும் படிக்கும் வழக்கம் உலகெங்கும் வெகுகாலமாக இருக்கிறது. புதிய கருவி வேண்டாம். புதிதாக மண் எடுக்க வேண்டாம். காட்மியத்துக்கு 228.8 நானோமீட்டரில் ஒரு விளக்கு, ஈயத்துக்கு ஒன்று, நிக்கலுக்கு ஒன்று, அவற்றுக்கான தரக் கரைசல்கள். ஒரு மாதிரிக்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள். இவ்வளவுதான் நான் கேட்பது. மாவட்டத்துக்குப் பெரிய ஆய்வகம் கட்டித் தாருங்கள் என்று கேட்கவில்லை.

மாதிரி எடுக்கும் முறையை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டும். பாசன நிலத்தில் 2.5 எக்டேர் கட்டத்துக்கு ஒரு மாதிரி என்பது திட்ட விதி. சத்துக் குறைபாட்டைப் பார்க்க அது சரி. ஆற்றுத் தண்ணீரின் வண்டலோ வாய்க்காலோடு வந்து, வேகம் குறைகிற முதல் வயல்களில்தான் அதிகம் படியும். தலைமடைக்காரருக்குக் கொடுத்துவைத்த நிலம் என்று காலங்காலமாகச் சொல்லிவந்தோம்; இங்கே கடைமடைக்காரர் கொடுத்துவைத்தவராக இருக்கலாம். தலைமடை, நடுமடை, கடைமடை மூன்றையும் கலந்து ஒரே மாதிரியாக்கினால் உண்மை மறைந்துபோகும். வாய்க்காலின் போக்கிலேயே நடந்து தனித்தனியாக எடுக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகர வாளியில் மண்ணைச் சேகரிக்கக் கூடாது, பிளாஸ்டிக் வாளியில்தான் சேகரிக்க வேண்டும் என்பதைப் புதிதாக வரும் பணியாளர்களுக்கு ஒருமுறை நினைவூட்டிவிடுங்கள்.

மண்ணில் வரும் எண் முழுக் கதையும் ஆகாது என்பது எனக்கும் தெரியும். அதே வயல்களிலிருந்து சில கட்டுக் கீரையும் கொஞ்சம் நெல்லும் எடுத்து அளந்தால்தான் எந்த எண் வரை கவலை இல்லை என்று சொல்ல முடியும். இலையில் இருக்கும் அவ்வளவு சிறிய அளவைப் படிக்க இன்னும் நுண்ணிய கருவி தேவை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் கீழ் சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. முதுநிலை மாணவர் ஒருவருக்கு ஆய்வேட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு எங்கே கிடைக்கும்?

ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். நகரக் குப்பையில் தயாராகும் மட்கு உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் வரம்பு உண்டு. கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, நிக்கல் 50 என்று தெளிவாக இருக்கிறது. மூட்டைக்குள் இருக்கும் உரத்துக்கு இவ்வளவு கண்டிப்பு. மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிற நிலத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்க ஆளில்லை.

இனி, நீங்கள் தயங்குவதற்கான காரணம் என்று நான் ஊகிப்பதைப் பேசுகிறேன். எண் வெளியே வந்தால் கலவரம் ஆகும், கீரை விலை விழும், தொலைக்காட்சிக்காரர் மைக்கோடு வந்துவிடுவார். ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, ஆற்றோரக் கீரைக்கு மொத்தமாகத் தடை போட வேண்டும் என்று கைதட்டல் வாங்கினார். கை தட்டியவர்களில் எத்தனை பேருக்குக் கீரைப் பாத்தியில் கஞ்சி குடிக்கிற குடும்பங்களைத் தெரியும்? பெரும்பாலும் குத்தகை நிலம், பெண்கள் உழைப்பு, இருபத்தைந்து நாளில் கையில் காசு பார்க்கிற ஒரே பயிர். தடை போட்டால் கீரை நிற்காது, எந்த ஊர்க் கீரை என்று சொல்லாமல் விற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எண்ணோடு சேர்த்து மாற்றையும் சொன்னால் கலவரம் ஆகாது. காட்மியம் மிதமாக இருக்கிற வயலில் கீரைக்குப் பதில் வெண்டை, அவரை, கத்தரி போடலாம். மண் புளித்திருந்தால் சுண்ணாம்பிட்டுச் சரிசெய்யலாம். துத்தநாகம் குறைவென்றால் துத்தநாக சல்பேட் இடலாம். தொழு உரத்தைக் கூட்டலாம். இவை உலோகத்தை அகற்றாது, ஆனால் செடிக்குக் கிடைக்கும் பங்கைக் குறைக்கும். அளவு மிஞ்சிய வயலில் சாப்பிடுகிற பயிரே வேண்டாம். பனமரத்துப்பட்டி வட்டாரத்தின் அரளியும், நம் பக்கத்துச் சம்பங்கியும் சாமந்தியும் இருக்கின்றன. சாமிக்குப் போகும் மாலையை யாரும் சாப்பிடுவதில்லை. சம்பங்கிக் கிழங்குக்கும் சொட்டு நீருக்கும் மானியம் கொடுக்கும் திட்டங்களில் இந்த வயல்களுக்கு முன்னுரிமை தந்தால், பாதி வேலை தானாக நடக்கும். செடிகளைக் கொண்டே உலோகத்தை உறிஞ்சி எடுத்துவிடலாம் என்று சிலர் உற்சாகமாகப் பேசுவார்கள். கடுகு இனமும் சில பெரணிகளும் நிறைய உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் பத்தாண்டு, இருபதாண்டுக் கணக்கில் ஆகும் வேலை அது. அறுத்த செடியைக் கொட்ட இடமும் வேண்டும். குத்தகைக்காரரிடம் போய் அதைச் சொல்லாதீர்கள்.

ஜப்பானில் தொயாமா மாநிலத்தில் ஜின்சு ஆற்றோரம் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். துத்தநாகச் சுரங்கத்தின் கழிவு ஆற்றில் கலந்து, ஆற்றுநீர் நெல்வயலில் பாய்ந்து, அரிசி வழியே காட்மியம் உடம்பில் சேர்ந்தது. பல பிள்ளை பெற்ற நடுத்தர வயதுப் பெண்களின் எலும்புகள் நொறுங்கின. அந்த நோய்க்குக் காரணம் காட்மியம்தான் என்று அரசு ஏற்றுக்கொண்டது 1968-இல். மேல்மண்ணை அகற்றிப் புதுமண் போடும் வேலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்து 2012-இல்தான் முடிந்தது. அதே 2012-இல் அந்நாட்டு ஆய்வாளர்கள், மாங்கனீசு வாயிலில் மாற்றம் செய்து காட்மியத்தை அனேகமாக எடுக்காத நெல்லை உருவாக்கியதாக அறிவித்தார்கள். நம் வயல்கள் அந்த நிலையில் இருப்பதாக நான் சொல்லவே இல்லை. எந்த நிலையில் இருக்கின்றன என்று அளந்து சொல்லுங்கள் என்கிறேன்.

ஏற்காட்டு நண்பர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு வார்த்தை. காப்பிக்கும் மிளகுக்கும் தலைமுறைகளாக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை தெளித்துவருகிறோம். அந்தச் செம்பு மேல்மண்ணிலேயே தங்குகிறது. செம்பு பழத்துக்கு அவ்வளவாக ஏறாது, குடிக்கிறவருக்குப் பயமில்லை. ஆனால் அளவு மிஞ்சினால் வேரின் வளர்ச்சி குன்றும், மண்புழு குறையும். செம்பு வரி அட்டையில் ஏற்கெனவே இருக்கிறது. குறைவா என்று மட்டும் பார்க்காமல், மிகையா என்றும் பார்த்துச் சொன்னால் போதும்.

ஆற்றில் தண்ணீர் வற்றி வயல் காய்ந்து கிடக்கும் சித்திரை மாதம் மாதிரி எடுக்கத் தோதான காலம். உத்தமசோழபுரத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வரை வாய்க்கால் வாய்க்காலாக நடந்து காட்ட எங்கள் பக்கத்து விவசாயிகள் சிலர் சம்மதித்திருக்கிறார்கள். முடிவு எப்படி வந்தாலும் என் வயலின் எண்ணை மறைக்காமல் அச்சிடலாம். பட்டா நகலை இணைத்துத் தனி மனுவாகவும் கொடுத்திருக்கிறேன். மடையிலிருந்து இரண்டாவது வயல், வரப்பில் அரளி வரிசை இருக்கும்.

இப்படிக்கு,
வீரபாண்டி ஆற்றோரக் கீரை விவசாயி